பூதிகோட்டையில் ஒரு பிறப்பு: உரையில் அமைந்த காலத்தொடர்புகளைப் படமாக்கல்

கர்நாடக மாநிலம் கோலார் மாவட்டத்தில், தங்கவயலுக்கு மேற்கே, பங்காருப்பேட்டை வட்டத்துள் அமைந்த ஊர் பூதிகோட்டை. பூதி என்பது திருநீற்றைக் குறிக்கும் சொல். வரலாற்று நூல்கள் இவ்வூரை நினைவுகூர்வது பெரும்பாலும் ஒரே நிகழ்ச்சியின் பொருட்டே. மைசூர் அரசை இருபதாண்டுகளுக்கும் மேலாகத் தம் கைக்குள் வைத்திருந்த ஐதர் அலி இங்குப் பிறந்தார். பிறந்த இடம் பற்றி ஐயம் எழுவதில்லை. பிறந்த ஆண்டு பற்றியோ 1717 முதல் 1722 வரை பல கருத்துகள் நிலவுகின்றன. பாடநூல்களின் காலவரிசைப் படங்கள் இவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, ஒரு கோட்டின்மேல் ஒரு புள்ளியை இட்டு அமைகின்றன. அப்புள்ளி எவ்வாறு அங்கு வந்தது என்பதைப் படம் சொல்வதில்லை. உரைநூல் கூறும் நிகழ்ச்சிகளின் முன்பின் உறவைப் படமாக்கும்போது எவற்றைக் காட்டுதல் வேண்டும் என்னும் வினாவை இவ்வொரு சான்றைக்கொண்டு ஆராய்வது இக்கட்டுரை.

கழித்துப் பெற்ற ஆண்டு

ஐதரின் இளமையை அறிய உதவும் நூல்கள் அவர் பிறந்து பல பத்தாண்டுகள் கழிந்தபின் எழுதப்பட்டவை. கிர்மானியின் பாரசீக வரலாறான நிஷானி ஐதரி 1799-இல் திப்பு வீழ்ந்தபின் இயற்றப்பட்டது. கர்னல் மைல்சின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1842-இல் வெளிவந்தது. மைசூரில் ஆங்கிலேயப் பிரதிநிதியாக இருந்த மார்க் வில்க்ஸ் எழுதிய தென்னிந்திய வரலாறு 1810 முதல் 1817 வரை மூன்று தொகுதிகளாக வந்தது. படைத்தலைவர் ஒருவரின் இளைய மகனாகப் பிறந்த குழந்தையின் பிறந்தநாளைக் குறித்து வைக்க வேண்டிய தேவை அன்று யாருக்கும் இருந்ததில்லை. அக்குழந்தை பேரரசர் ஆனபின்னரே அந்நாள் தேடப்பட்டது.

ஆகவே 1722 என்பது எவரும் பார்த்து எழுதிய ஆண்டன்று. அது கழித்துப் பெற்றது. தந்தை பத்தே முகமது சீரா நவாபின் பணியில் கோலாரின் பௌசுதாராக இருந்து, பூதிகோட்டையைச் சாகீராகப் பெற்றவர். சீராப் பதவிக்கான போரில் அவர் மாண்டது 1728 எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அப்போது ஐதர் ஐந்து முதல் ஏழு வயதுச் சிறுவர் என நூல்கள் வேறுபட உரைக்கின்றன. 1728-இலிருந்து அவ்வயதைக் கழித்தால் 1721-ஐ ஒட்டிய ஆண்டுகளே கிடைக்கும். மறுமுனையில் இன்னொரு கொக்கி உண்டு. 1749-இல் தொடங்கிய தேவனஹள்ளி முற்றுகையில்தான் ஐதரின் பெயர் முதன்முதலாகப் படைவரலாற்றில் வெளிப்படுகிறது. அப்போது அவருக்கு 27 வயது என்பது வழிவழி வந்த கூற்று. இக்கணக்கும் 1722-இலேயே சென்று நிற்கிறது.

1717-ஐ ஏற்பின், தந்தை இறந்தபோது மகனுக்குப் பதினோரு வயது, தேவனஹள்ளியில் முப்பத்திரண்டு. அது நிகழ முடியாததன்று. ஆனால் சிறுவனாகத் தந்தையை இழந்தார், கடன் கேட்டுத் தொட்டபள்ளாபுரத்தில் குடும்பம் வருத்தப்பட்டது, பின்னரே தாய் பிள்ளைகளுடன் பெங்களூர் சென்றார் என்னும் தொடரின் சாயல் மாறிவிடும். ஆண்டுகள் ஐயத்திற்கு உரியனவாயினும் இந்நிகழ்ச்சிகளின் வரிசை ஐயத்திற்கு உரியதன்று. உரைநூல் உறுதியாகத் தருவது வரிசையையே. ஆண்டு அதன்மேல் ஏற்றப்பட்ட ஊகம். காலவரிசைப் படமோ ஊகத்தைத் தடித்த எழுத்தில் பொறித்து வரிசையை மறைக்கிறது.

எச்சங்கள் காட்டும் வரிசை

தமிழ் வாக்கியம் இவ்வகையில் தேர்ந்த சான்றாளர் எனலாம். தொல்காப்பியர் வினையியலில் வினையெச்ச வாய்பாடுகளை எண்ணும்போது செய்து, செயின், செய முதலியவற்றோடு முன், பின், கால் ஆகியவற்றையும் சேர்த்துக் கொள்கிறார். "தந்தை இறந்தபின் தாய் பெங்களூர் சென்றார்" என்பதில் இரு நிகழ்ச்சிகளும் ஐயமின்றி வரிசைப்படுகின்றன. "தந்தை இறக்கப் பிள்ளைகள் துன்புற்றனர்" என்பதிலோ, செயவென் எச்சம் காரணத்தையும் உடனிகழ்ச்சியையும் ஒருங்கே தழுவி நிற்கிறது. இரண்டையும் ஒரே வகை அம்பால் காட்டும் படம், இலக்கணம் காத்த வேறுபாட்டைக் கைவிட்டதாகும்.

கல்வெட்டறிஞர்கள் இத்தகைய எச்சரிக்கையை நெடுங்காலமாகவே கைக்கொண்டுள்ளனர். கோலாரம்மன் கோயிலில் முதலாம் இராசேந்திரனின் கல்வெட்டுகள் உள்ளன. சோழர் மெய்க்கீர்த்தியில் வெற்றிகள் அடுக்கப்படும் முறை நடந்த வரிசைதானா என்பது தனி வினா. ஒரு வெற்றி முதன்முதலாக எந்த ஆட்சியாண்டுக் கல்வெட்டில் இடம்பெறுகிறதோ, அவ்வாண்டிற்குள் அது முடிந்தது என்பதே உறுதி. எப்போது தொடங்கிற்று என்பதற்கு அக்கல்வெட்டு பொறுப்பேற்பதில்லை.

நாட்குறிப்பிலும் இக்கவனம் தேவை. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய குறிப்புகளில் நாள் திட்டமாக உண்டு. ஆயினும் தொலைவில் நடந்தவற்றைப் பொறுத்தவரை அந்நாள் செய்தி புதுச்சேரியை எட்டிய அல்லது எழுதப்பட்ட நாளே. நிகழ்ச்சி அதற்கு முன்னது என்பது மட்டுமே தெளிவு.

கோடும் பெட்டியும்

வாழ்நாளைக் கோடாக வரையும் வழக்கத்தைப் பரவச் செய்தவர் ஜோசப் பிரீஸ்ட்லி. 1765-இல் அவர் வெளியிட்ட வாழ்க்கைப் படத்தில் ஏறத்தாழ 2000 பேரின் வாழ்நாட்கள் கிடைக்கோடுகளாக அமைந்தன. அப்படத்தின் உண்மைச் சிறப்பு அதன் பெருக்கத்தில் இல்லை. பிறப்போ இறப்போ திட்டமாகத் தெரியாதவிடத்து, கோட்டைப் புள்ளிகளால் குறிக்கும் வழக்கத்தை அவர் மேற்கொண்டார். அறியாமைக்கும் ஒரு வரிவடிவம் தந்தவர் அவர். பிற்காலப் பாடநூல்கள் கோட்டை எடுத்துக்கொண்டு புள்ளிகளை விட்டுவிட்டன, இது இழப்பே.

நம் காலத்தில் இச்சிக்கலைக் கணிப்பொறி மொழியியலார் மீண்டும் கையில் எடுத்தனர். இருகால அளவைகளுக்கு இடையே பதின்மூன்று உறவுகளே இயலும் என்பதை ஜேம்ஸ் ஆலன் 1983-இல் வகைப்படுத்தினார். முன்னது, அடுத்து ஒட்டியது, மேற்படிவது, உள்ளடங்குவது என்பன அவற்றுட் சில. பின்னர் வந்த டைம்எம்எல் என்னும் குறியீட்டு முறையில், உரையிலுள்ள நிகழ்ச்சிச் சொற்களும் காலச் சொற்களும் தனித்தனியே அடையாளமிடப்பட்டு, அவற்றின் உறவுகள் இணைப்புகளாகப் பதியப்படுகின்றன. இவ்விணைப்புகளை அட்டவணையாக இட்டால் முழுமையும் கண்ணுக்குப் புலப்படாது. வலைப்பின்னலாக வரைந்தால் நீண்ட உரையில் அம்புகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். இக்குறையை நீக்க மார்க் வெர்ஹாகன் 2005-ஐ ஒட்டி முன்வைத்த பெட்டிப் படமுறையில் மூன்றே உத்திகள் உள. இடமிருந்து வலம் செல்லும் அம்பு முன்பின் உறவைக் காட்டும். பெட்டிக்குள் பெட்டி உள்ளடக்கத்தைக் காட்டும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குதல் உடனிகழ்ச்சியைக் காட்டும். ஆண்டுக்கோடு இப்படத்திற்கு இன்றியமையாததன்று.

பூதிகோட்டைச் செய்திகளை இம்முறையில் அமைத்தால், பிறப்பு என்னும் பெட்டியிலிருந்து தந்தையின் இறப்புக்கு ஓர் அம்பு, அதிலிருந்து தொட்டபள்ளாபுரத் துன்பத்திற்கு ஓர் அம்பு, அதன்பின் பெங்களூர், நெடுந்தொலைவில் தேவனஹள்ளி. ஐதரின் பிறப்பு 1717 முதல் 1722 வரையிலான ஒரு பெரிய பெட்டிக்குள் எங்கோ ஓரிடத்தில் அமையும். தந்தையின் இறப்பும் சிறுவனின் வயதும் சேர்ந்து அப்பெட்டியின் வல ஓரத்தை நோக்கி அதனைத் தள்ளுகின்றன. படிப்போர் 1722-ஐ ஏற்கலாம், மறுக்கலாம். எதை நம்பி ஏற்கின்றனர் என்பது அவர்கட்குத் தெரிந்திருக்கும்.

இரண்டு சுபகிருதுகள்

இறப்பு பற்றிய சான்றுகள் மிகுதி; ஆயினும் அங்கும் சிக்கல் தீர்வதில்லை. ஐதர் ஆர்க்காட்டுப் போரின்போது, சித்தூரை அடுத்த நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் 1782 டிசம்பரில் காலமானார். சிலர் 6 என்றும் சிலர் 7 என்றும் நாள் குறிப்பர். பாரசீகக் குறிப்புகளிலோ ஹிஜ்ரி 1197 முகரம் முதல் நாளிலிருந்து நான்காம் நாள் வரை வேறுபாடு உண்டு. முகரம் முதல் நாளைப் பிறை கண்டே தொடங்குவர். நாளும் மாலையில் பிறக்கும். எனவே ஒரு ஹிஜ்ரி நாள் இரண்டு ஆங்கில நாட்களின்மேல் படிகிறது. ஆலனின் சொல்லில் இது மேற்படிதல். புள்ளிக்கு இங்கு இடமில்லை. மேலும், மேற்குக் கடற்கரையிலிருந்த திப்பு பாசறைக்கு வந்து சேரும்வரை இறப்புச் செய்தி படையினருக்கு மறைக்கப்பட்டது. ஆகவே இறப்பும் அதன் அறிவிப்பும் இரண்டு பெட்டிகள். பாசறையிலிருந்த பெரும்பாலோர் அறிந்தது இரண்டாவதையே.

ஹிஜ்ரிக் கணக்கு வயதையும் பாதிக்கும். சந்திர ஆண்டு சூரிய ஆண்டினும் ஏறத்தாழ பதினோரு நாள் குறைவு. 1722-இல் பிறந்து 1782-இல் இறந்தவர்க்கு ஆங்கிலக் கணக்கில் அறுபது எனில், ஹிஜ்ரிக் கணக்கில் ஏறத்தாழ அறுபத்திரண்டு. வயதைக் கழித்துப் பிறந்த ஆண்டு காண்போர் எந்த ஆண்டால் கழிக்கின்றனர் என்பதைச் சொல்லாதவிடத்து இரண்டாண்டு பிழை தானே புகுந்துவிடும்.

தென்னாட்டின் அறுபதாண்டுச் சுழற்சியோ இன்னும் வியப்புக்குரிய சிக்கலைத் தருகிறது. 1717 சித்திரையில் பிறந்த ஆண்டு ஹேவிளம்பி. 1722 சித்திரையில் பிறந்தது சுபகிருது. அறுபது ஆண்டுகள் சுழன்று, 1782 சித்திரையில் மீண்டும் பிறந்ததும் சுபகிருதுவே. ஐதர் 1722 சித்திரைக்குப்பின் பிறந்தவராயின், பிறந்ததும் இறந்ததும் ஒரே பெயருடைய ஆண்டுகளில். சுழற்சி எண்ணைக் குறியாது ஆண்டுப்பெயரை மட்டும் பொறித்த படமொன்றில் பூதிகோட்டையும் நரசிங்கராயன்பேட்டையும் ஒரே பெட்டிக்குள் விழும்.