இறங்கிய மண்: ஹாலந்தின் நிலமும் வரலாறும் ஓவியமும்

நெதர்லாந்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. கடலிடமிருந்து நாட்டைப் பறித்தெடுத்த மக்கள் என்று டச்சுக்காரர்களைப் பற்றிச் சொல்லப்படும் பெருமிதக் கதை இங்கிருந்தே பிறக்கிறது. அதில் பாதிதான் உண்மை. மேற்கே ஹாலந்துப் பகுதியின் பெரும்பாலான மண், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டத்துக்கு மேலேதான் இருந்தது. அதைக் கீழே இறக்கியது உழவர்களின் மண்வெட்டி.

அது பீட் எனப்படும் சதுப்பு மண். முழுதும் மக்காத தாவரங்கள் நீரில் ஊறி, அடுக்கடுக்காகப் படிந்து உருவானது. பத்தாம் நூற்றாண்டிலிருந்து குடியேறிகள் அதில் வடிகால் வெட்டித் தானியம் விதைத்தார்கள். நீர் வடிந்ததும் மண் சுருங்கியது. காற்றுப்பட்ட தாவரப் பொருள் மக்கிக் கரைந்தது. நிலம் இறங்க இறங்க வடிகாலை ஆழப்படுத்தினார்கள். ஆழப்படுத்தியதால் நிலம் மேலும் இறங்கியது. போதாக்குறைக்கு நகரங்களின் அடுப்புக்காகவும் பீட்டை வெட்டி எடுத்தார்கள். வெட்டிய குழிகள் ஏரிகளாக விரிந்தன.

பதினைந்தாம் நூற்றாண்டுக்குள் பல இடங்களில் தானியம் விளையாத அளவுக்கு ஈரம் ஏறிவிட்டது. ஹாலந்தின் வரலாற்றுத் திருப்பம் இதுவே என்பது என் கருத்து. உழவர்கள் மாடு வளர்ப்புக்கு மாறினார்கள். வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் சந்தைக்குப் போயின. உணவுத் தானியம் பால்டிக் கரையிலிருந்து கப்பலில் வந்தது. வயலில் வேலையற்றவர்கள் மீன்பிடிக்கும் கப்பலுக்கும் நகரத்துக்கும் போனார்கள். ஆம்ஸ்டர்டாமின் கடல் வணிகத்துக்கு அடியில் விளையாமல் போன வயல்கள் கிடக்கின்றன.

நீரைத் தடுப்பது ஒருவரால் ஆகிற காரியமன்று. ஒருவனுடைய கரை உடைந்தால் ஊரே மூழ்கும். இதனால் அரசு வலுப்பெறும் முன்பே நீர்வாரியங்கள் தோன்றின. ரைன்லாந்து வாரியத்துக்கான பிரபுவின் சாசனம் 1255-ஐச் சேர்ந்தது. தன் பங்குக் கரையைப் பேண முடியாத உழவன் அதில் மண்வெட்டியை நட்டுவிட்டு வெளியேற வேண்டும். அதைப் பிடுங்குபவனுக்கு நிலமும் கடமையும் சேரும் என்பது பழைய வழக்கு. டச்சு மக்களாட்சியின் விதையை இவ்வாரியங்களில் காண்போர் உண்டு. அது மிகை. அங்கே நிலம் உடையவனுக்கே குரல் இருந்தது. ஆனால் அண்டை வீட்டுக்காரனோடு பேசித் தீர்க்காமல் வாழ முடியாது என்ற பழக்கத்தை அவை ஊட்டின என்பதை மறுக்க முடியாது.

வணிகத்தில் சேர்ந்த பணம் மண்ணுக்கே திரும்பியது. பீம்ஸ்டர் ஏரியை வற்றச் செய்ய 1607-இல் முதலிட்டவர்கள் ஆம்ஸ்டர்டாம் செல்வந்தர்கள். அவர்களில் முதன்மையானவரான டிர்க் ஃபான் ஓஸ், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கியவர்களுள் ஒருவர். 1610-இல் நம் பழவேற்காட்டில் கால்பதித்தது அதே கம்பெனி. அந்த ஆண்டு புயலில் கரை உடைந்து பீம்ஸ்டர் ஏரி மீண்டும் நிரம்பியது. 40-க்கும் மேற்பட்ட காற்றாலைகள் நீரை இறைத்து, 1612-இல் சுமார் 7,000 ஹெக்டேர் நிலம் வெளிப்பட்டது. அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் சதுரம் சதுரமாகப் பிரிக்கப்பட்ட அது இன்று உலகப் பாரம்பரியச் சின்னம்.

ஓவியத்திலும் இம்மண்ணின் தடம் உண்டு. சீர்திருத்தக் கிறித்தவர்களான கால்வினியரின் தேவாலயங்கள் படங்களை ஒதுக்கிய பின் ஓவியர்களை வாழவைத்தவர்கள் வணிகர்களும் கைவினைஞர்களுமே. அவர்கள் தம் நிலத்தையே சுவரில் மாட்ட விரும்பினார்கள். யாகோப் ஃபான் ரோய்ஸ்டால் 1670-களில் தீட்டிய ஹார்லெம் நகரக் காட்சியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மேகம் திரண்ட வானம். மலையில்லாத இந்தத் தட்டை நிலத்தில் கண்ணுக்கு உயரம் தருவது மேகம்தான். அடிவானத்தில் பாவோ தேவாலயம். முன்னே வெயில் விழுந்த புல்வெளியில் நீள நீளமாக விரித்த வெண்துணிகள். அது லினன் வெளுக்கும் களம். வெளுப்பதற்கு மணல்மேடுகளின் தெளிந்த நீரும் மோரும் தேவைப்பட்டன. மோர் வந்தது, தானியம் பொய்த்து மேய்ச்சலுக்குப் போன அந்தத் தாழ்நிலங்களிலிருந்து! படத்தின் ஒரு வெள்ளைக் கீற்றில் பல நூறு ஆண்டு மண் வரலாறு அடங்கியிருக்கிறது.

நீரோடு நடந்த போராட்டத்துக்கு வேறு முகங்களும் உண்டு. 1574-இல் லைடன் நகரை ஸ்பானியப் படை முற்றுகையிட்டபோது, அதை முறிக்க டச்சுக்காரர்கள் தம் கரைகளைத் தாமே உடைத்து அப்படையை விரட்டினார்கள். 1852-இல் நீராவி இயந்திரங்கள் ஹார்லெம் ஏரியை வற்றவைத்தன. ஸ்கிபோல் விமான நிலையம் அந்த ஏரிப் படுகையில் இருக்கிறது. 1953 பிப்ரவரியில் தென்மேற்கில் கரைகள் உடைந்து 1,836 பேர் மாண்டார்கள். கடலைத் தடுக்கும் டெல்டா அணைகள் அந்தத் துயரத்தின் பிள்ளைகள்.

இறக்கம் இன்னும் நிற்கவில்லை. பீட் மேய்ச்சல் நிலங்கள் சில இடங்களில் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வரை தாழ்கின்றன. மக்கும் மண் கரியமில வாயுவை வெளிவிடுகிறது. பழைய வீடுகளின் அடித்தளம் விரிசல் காண்கிறது. வாய்க்கால் நீர்மட்டத்தை உயர்த்தினால் இவை தணியும். ஆனால் நிலம் சேறாகும், மாட்டின் குளம்பு புதையும், பால் குறையும். நீரை எந்த மட்டத்தில் நிறுத்துவது என்பதை இன்றும் தேர்ந்தெடுக்கப்பட்ட நீர்வாரியங்களே முடிவு செய்கின்றன. 2023 தேர்தலில் உழவர்களின் குரலாக எழுந்த பிபிபி கட்சி அவற்றில் பலவற்றில் முதலிடம் பிடித்தது.