உம்மாவின் இலக்கத்தை ஏற்க மறுத்த லூப்

அக்கரைப்பற்றில் உயர்தர மாணவர்களுக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்பிக்கிறேன். பைதனில் வைல் லூப் வரும்போது வழமையாகக் கொடுக்கும் பயிற்சி ஒன்று உண்டு: 0 இற்கும் 100 இற்கும் இடையில் ஒரு புள்ளியைக் கேள், பிழையாகத் தந்தால் திரும்பக் கேள். பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு ஃபோனைப் பார்ப்பார்கள். அதனால் நான் தேசிய அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்கும் புரோகிராம் ஒன்றை எழுதச் சொல்வேன்.

அந்த இலக்கத்துக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பலர் கவனித்ததில்லை. பழைய அட்டையில் ஒன்பது எண்களும் கடைசியில் வி அல்லது எக்ஸ் என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தோம் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். 1978 மார்ச் 12 இல் பிறந்த ஆணின் இலக்கம் 78072 என்று தொடங்கும், அதே நாளில் பிறந்த பெண்ணின் இலக்கம் 78572 என்று தொடங்கும். 2016 முதல் வந்த புதிய இலக்கத்தில் ஆண்டு முழுதாக எழுதப்படுகிறது. மொத்தம் 12 எண்கள், எழுத்து இல்லை.

இதையெல்லாம் சொல்லித்தான் கொடுத்தேன். ஆனாலும் ஒரு மாணவன், நாள் 1 இலிருந்து 366 வரை இல்லாவிட்டால் "பிழை, மீண்டும் தருக" என்று எழுதிவிட்டான். தன்னுடையதையும் வாப்பாவினதையும் கொடுத்துப் பார்த்தான், ஓடியது. பக்கத்துக் கதிரையில் இருந்த மாணவி தன் உம்மாவின் இலக்கத்தைக் கொடுத்தாள். பிழை. அட்டையைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாகத் திரும்ப அடித்தாள். மறுபடியும் பிழை. நான்காம் முறை என்னிடம் திரும்பி, "உம்மாட ஐசி நம்பர் பிழையா, சேர்?" என்று கேட்டாள்.

அவளுக்கு அட்டையில்தான் சந்தேகம் வந்தது, புரோகிராமில் வரவில்லை. கவுண்டரில் நிற்கும் வயதான ஆளுக்கும் அப்படித்தான் வரும்.

லூப்பின் வேலை சின்னது. வைல் ட்ரூ என்று தொடங்கி, உள்ளீட்டை வாங்கி, சரியென்றால் பிரேக் போட்டு வெளியேற வேண்டும். லூப் இல்லாமல் இஃப் மட்டும் போடும் பிள்ளைகளின் புரோகிராமில் இரண்டாவது தடவை வரும் பிழை அப்படியே உள்ளே போய்விடும். சோதிக்கும் ஒழுங்கும் முக்கியம். முதலில் முன்பின் இடைவெளிகளை நீக்கி, எழுத்தைப் பெரிய எழுத்தாக்க வேண்டும்; சிறிய வி அடித்ததற்காக ஆளைத் திருப்பி அனுப்பக் கூடாது. பிறகு நீளம், பிறகு எண்கள்தானா என்பது, அதற்குப் பிறகுதான் இன்ட். பூச்சியத்துக்குப் பதிலாக ஓ எழுத்தை அடித்தவரிடம் நேரே இன்ட் போட்டால் வேல்யூ எரர் வந்து எல்லாம் நின்றுவிடும். (பைதனின் இன்ட் ௧௨௩ என்ற தமிழ் எண்களையும் ஏற்கும். பிள்ளைகளுக்கு இது பெரிய சந்தோஷம்.)

கெட்டிக்காரப் பிள்ளைகள் விழும் குழி வேறு. இந்த இலக்கத்தில் பெப்ரவரிக்கு எல்லா ஆண்டிலும் 29 நாள்தான் கணக்கு. மார்ச் 1 எப்போதும் 61. லீப் ஆண்டு இல்லையென்று 365 உடன் நிறுத்தினால் 1978 டிசம்பர் 31 இல் பிறந்தவருக்கு இடமில்லை. மறுபக்கம், 1978 உடன் 060 வந்தால் அதை மறுக்கத்தான் வேண்டும், ஏனென்றால் அந்த ஆண்டில் பெப்ரவரி 29 இல்லை. பெண்களுக்கு இதே எல்லைகள் 501 முதல் 866 வரை, மறுக்க வேண்டியது 560.

"பிழை" என்ற ஒற்றைச் சொல்லை நான் இப்போது ஏற்பதில்லை. "பழைய இலக்கத்தில் ஒன்பது எண்கள் வேண்டும், நீங்கள் தந்தது எட்டு" என்று வர வேண்டும். மூன்று முறைக்குப் பிறகும் சரிவராவிட்டால் லூப் முடிந்து, தந்ததை அப்படியே குறித்துக்கொண்டு ஒரு மனிதர் பார்க்கட்டும் என்று விட வேண்டும்.

உம்மாவின் அட்டையை வகுப்பில் எடுத்து அடிக்க விட்டது என் பிழை. இப்போது சோதனைக்கான இலக்கங்களைப் பிள்ளைகள் கற்பனையாக எழுதுகிறார்கள்: ஓர் ஆண், ஒரு பெண், ஒரு புதியது, டிசம்பர் 31 ஒன்று, கடைசியில் இடைவெளி விட்டது ஒன்று. பெண்ணின் இலக்கத்தைத்தான் முதலில் கொடுக்க வேண்டும்.