யுவான் ரோமான் ரிகெல்மே

யுவான் ரோமான் ரிகெல்மே (பிறப்பு: ஜூன் 24, 1978) அர்ஜென்டினாவைச் சேர்ந்த முன்னாள் கால்பந்தாட்ட வீரர் ஆவார். தாக்கும் நடுக்கள வீரராக விளையாடிய இவர், போகா ஜூனியர்ஸ் கழக வரலாற்றில் மிகவும் போற்றப்படுபவர்களுள் ஒருவர்.

ஆட்டப் பாணி

நடுக்களத்தையும் முன்கள வீரர்களையும் இணைப்பவரை அர்ஜென்டினாவில் "எங்காஞ்சே" என்பர். கொக்கி என்பது இதன் பொருள். ரிகெல்மே வேகமாக ஓடுபவர் அல்லர். பந்தை உள்ளங்காலின் கீழ் வைத்து, எதிராளிக்கு முதுகு காட்டி நின்று, சக வீரர் நகரும் வரை காத்திருப்பார். இதனைச் சிலர் சோம்பல் என்றனர். எனினும், ஆட்டத்தின் வேகத்தை அவரே தீர்மானித்தார் என்பதே உண்மை.

கழக ஆட்டங்கள்

புவெனஸ் ஐரிஸ் மாகாணத்தின் சான் பெர்னாண்டோவில் பிறந்த இவர், அர்ஜென்டினோஸ் ஜூனியர்சின் இளையோர் அணியிலிருந்து 1996-இல் போகாவுக்கு வந்தார். கார்லோஸ் பியாஞ்சியின் பயிற்சியில் போகா 2000, 2001 ஆகிய ஆண்டுகளில் லிபர்டடோரஸ் கோப்பையை வென்றது. 2000 நவம்பரில் டோக்கியோவில் ரியல் மாட்ரிட்டை 2-1 என வென்றபோது, மார்ட்டின் பலெர்மோவின் இரண்டாவது கோலுக்கு வழிவகுத்தது ரிகெல்மே அனுப்பிய நெடும் பந்தே.

2002-இல் பார்சிலோனாவில் சேர்ந்தார். பயிற்றுநர் லூயி வான் கால் இவரைப் பெரும்பாலும் பக்கவாட்டில் ஆடச் செய்தார். அது இவருக்குப் பொருந்தவில்லை. மறு ஆண்டு வியாரியல் அணிக்கு இரவலாக அனுப்பப்பட்டார். சிறிய நகரொன்றின் அந்த அணி இவரைச் சுற்றியே கட்டமைக்கப்பட்டது. 2005-இல் ஸ்பானிய லீகில் மூன்றாமிடமும், 2006-இல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியும் கிட்டின. அந்த அரையிறுதியில், ஆட்டம் முடியும் தறுவாயில் இவர் உதைத்த தண்ட உதையை ஆர்சனலின் ஜென்ஸ் லேமன் தடுத்துவிட்டார்.

2007-இல் போகாவுக்குத் திரும்பி, லிபர்டடோரஸ் இறுதியாட்டங்களில் கிரேமியோவுக்கு எதிராக அணி அடித்த ஐந்து கோல்களில் மூன்றை இவரே அடித்தார். 2014-இல் தனது தொடக்கக் கழகமான அர்ஜென்டினோஸ் ஜூனியர்ஸ் முதல் பிரிவுக்கு மீள உதவி, 2015 ஜனவரியில் ஓய்வு பெற்றார்.

தேசிய அணி

2006 உலகக்கோப்பைக் காலிறுதியில் ஜெர்மனிக்கு எதிராக, இவரது மூலை உதையை அயாலா தலையால் முட்டி கோலாக்கினார். அர்ஜென்டினா முன்னணியில் இருக்கையில் பயிற்றுநர் பெக்கர்மான் இவரை வெளியே அழைத்தார். பின்னர் ஜெர்மனி சமன் செய்து, தண்ட உதைகளில் வென்றது. அம்முடிவு சரியா என்பது இன்றும் விவாதிக்கப்படுகிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மெசியுடன் தங்கப்பதக்கம் வென்றார். பயிற்றுநர் மாரடோனாவுடன் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் 2009-இல் தேசிய அணியிலிருந்து விலகினார்.

செல்வாக்கு

2001 ஏப்ரலில் ரிவர் பிளேட்டுக்கு எதிராகக் கோல் அடித்த பின், ஊதியப் பிணக்கில் இருந்த இவர், கழகத் தலைவர் மவுரிசியோ மக்ரியின் மாடத்தை நோக்கிக் காதருகே கைகளைக் குவித்து நின்றார். இரசிகர்கள் இவர் பக்கமே நின்றனர். அந்த மக்ரி பின்னாளில் நாட்டின் அதிபரானார். 2023 டிசம்பரில் நடந்த கழகத் தேர்தலில், மக்ரியைத் துணைத்தலைவர் வேட்பாளராகக் கொண்ட அணியைத் தோற்கடித்து ரிகெல்மே போகாவின் தலைவரானார்.