எண்ணெயை மறந்த கதை

2012-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். சென்னையில் தினம் இரண்டு மணி நேரம் கரண்ட் போனதற்கே நாம் புலம்பித் தீர்த்தோம். வெளி மாவட்டங்களில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் போனது.

அந்த வருடம் ஆம்பூரில் ஒரு நண்பரைப் பார்க்கப் போயிருந்தேன். ஷூவின் மேல்பாகத்தை அங்கே ‘அப்பர்’ என்பார்கள். அதைப் பெரிய கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் சின்னப் பட்டறை அவருடையது. நாலு தையல் மெஷின். நாலும் சும்மா கிடந்தன. வாசலில் பெட்ரோல் ஜெனரேட்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு மெக்கானிக் உட்கார்ந்திருந்தார். வாங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லை.

“ஆயில் பாத்தீங்களா பாய்?”

“டேங்க் ஃபுல்லா பெட்ரோல் இருந்துச்சேப்பா!”

மெக்கானிக் பிஸ்டனைத் தூக்கிக் காட்டினார். பக்கமெல்லாம் கோடு கோடாகக் கீறல். எண்ணெய் வற்றி, இரும்போடு இரும்பு உரசி, என்ஜின் ‘சீஸ்’ ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை சரக்கு கொடுத்தாக வேண்டும். பீஸ் கணக்கில் கூலி வாங்கும் நாலு பெண்கள் அன்றைக்கு வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்கள்.

கவனித்தீர்களா? ஆயிலைக் கேட்டால் நண்பர் பெட்ரோலைச் சொன்னார். அவர் ஒன்றும் விவரம் தெரியாதவர் அல்ல. இந்தக் குழப்பத்துக்குப் பின்னால் ஒரு வரலாறே இருக்கிறது.

1891. இங்கிலாந்தில் பாத் என்கிற ஊர். ஜோசப் டே என்ற என்ஜினீயர் ஒரு டூ-ஸ்ட்ரோக் என்ஜினுக்குக் காப்புரிமை வாங்கினார். பாகங்கள் கம்மி, விலையும் கம்மி. பெட்ரோலும் காற்றும் முதலில் பிஸ்டனுக்குக் கீழே உள்ள அறைக்குள் போகும்; அங்கிருந்து மேலே ஏறி எரியும். ஒரே ஒரு சிக்கல்தான். பெட்ரோல் நடமாடுகிற அறையில் எண்ணெயைத் தேக்கிவைக்க முடியாதே? பின்னால் வந்தவர்கள் சுலபமான வழி கண்டுபிடித்தார்கள். எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்துவிடு. போகிற போக்கில் அது பூசிக்கொண்டு போகட்டும்!

நம் ஊர் ராஜ்தூத், ஜாவா, லாம்ப்ரெட்டா, அந்தக்கால பஜாஜ் சேடக், 1980-ல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50 எல்லாமே இந்த ரகம். பங்க்கில் இரண்டு கேள்வி கேட்பார்கள். “எத்தனை லிட்டர்?” அடுத்தது, “ஆயில்?” வண்டியைப் பொறுத்து லிட்டருக்கு 20 மில்லியிலிருந்து 50 மில்லி வரை. எண்ணெயைத் தனியாக ஞாபகம் வைத்துக்கொள்ளும் வேலையே நமக்கு இல்லை. பங்க்காரர் ஞாபகப்படுத்தினார்.

அதற்கு நாம் கொடுத்த விலை, புகை. ‘இன்னும் கொஞ்சம் ஊத்துப்பா, என்ஜினுக்கு நல்லது’ என்று தாராளமாக வாங்கி ஊற்றினோம். மலிவான சில்லறை எண்ணெயும் அதில் சேர்ந்தது. டெல்லியில் மூச்சுத் திணறிய பிறகு, 1998-ல் உச்ச நீதிமன்றம் அங்கே டூ-ஸ்ட்ரோக் எண்ணெயைச் சில்லறையாக விற்பதற்கே தடை போட்டது.

இதற்குள் வேறொரு மாற்றம் வந்துவிட்டது. 1985-ல் ஹீரோ ஹோண்டாவின் சிடி 100, ஃபோர்-ஸ்ட்ரோக் பைக். நிரப்பு, மூடு, மறந்துவிடு என்பதுதான் அதன் புகழ்பெற்ற விளம்பரம். அது மைலேஜைப் பற்றிச் சொன்னது. நாம் எண்ணெயையும் சேர்த்து மறந்தோம்!

ஃபோர்-ஸ்ட்ரோக்கில் எண்ணெய் தனி, பெட்ரோல் தனி. எண்ணெய் அடியில் கிடக்கும். சின்ன ஜெனரேட்டர்களில் பெரும்பாலும் ஆயில் பம்போ, ஃபில்டரோ கிடையாது. உள்ளே ஒரு சின்னக் கரண்டி மாதிரி சுற்றிச் சுற்றி எண்ணெயை வாரி இறைக்கும். அவ்வளவுதான். மட்டம் இறங்கினால் கரண்டிக்கு எட்டாது.

“பைக்குக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஆயில் மாத்தறேன். இதுக்கும் அப்படித்தானே மாத்தினேன்?” என்றார் நண்பர். ஜெனரேட்டருக்கு மாதக் கணக்கு மட்டும் போதாது சார், மணிக் கணக்கு வேண்டும். முதல் எண்ணெயை 20 மணி நேரத்திலும், பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறையும் மாற்றச் சொல்வது வழக்கம். தினம் பத்து மணி நேரம் ஓட்டினால் 100 மணி நேரம் என்பது எத்தனை நாள்? பத்தே நாள்!

இன்னொரு ரகமும் உண்டு. பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் கிருஷ்ணாயிலுக்கு மாற்றுவது. குளிர்ந்த என்ஜினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது, அதனால்தான் இந்த ஏற்பாடு. நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றாவிட்டால் அடுத்த நாள் கயிறு இழுத்தே கை ஓய்ந்துவிடும். எரியாத மண்ணெண்ணெய் கீழே கசிந்து எண்ணெயோடு கலந்தால் குச்சியில் மட்டம் ஏறிக் காட்டும். ‘அட, ஆயில் குறையவே இல்லையே’ என்று சந்தோஷப்படாதீர்கள். எண்ணெய் தண்ணியாகிவிட்டது என்று அர்த்தம். உடனே மாற்ற வேண்டும்.

இப்போது கதை தலைகீழ். கரண்ட் ஒழுங்காக வருவதால் ஜெனரேட்டர் மாதக்கணக்கில் மூலையில் தூங்குகிறது. கார்புரேட்டரில் தங்கிய பெட்ரோல் காய்ந்து பிசினாகிறது. போதாக்குறைக்கு, 2023-ல் ஆரம்பித்து நாடெங்கும் பரவிய 20 சதவிகித எத்தனால் பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய என்ஜினுக்கு அது ஒத்துக்கொள்ளுமா என்று கையேட்டைப் பாருங்கள். வெகுநாள் நிறுத்துவதானால் டேங்க்கைக் காலி செய்து, மிச்சம் தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள்.

கயிறை இழுக்கும் முன் ஒரு நிமிடம் போதும். சமதளத்தில் வைத்து ஆயில் குச்சியைப் பாருங்கள். ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். தோல் பட்டறைத் தூசி சீக்கிரம் அடைத்துவிடும். ஓடும்போதோ சூடாக இருக்கும்போதோ பெட்ரோல் ஊற்றாதீர்கள். முக்கியமாக, மழை பெய்தாலும் மெஷினை வீட்டுக்குள் வைத்து ஓட்டாதீர்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர்களை எழுந்திருக்க விடாது.

ஆம்பூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் ராணிப்பேட்டை. என்ஜினுக்குப் பேர் போன கிரீவ்ஸ் நிறுவனம் அங்கே 2021-ல் திறந்தது மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலையை! நாளைக்கு எண்ணெயே வேண்டாத காலம் வரலாம். நண்பர் அதற்குக் காத்திருக்கவில்லை. ஜெனரேட்டர் பக்கத்துச் சுவரில் ஒரு காலண்டர் மாட்டியிருக்கிறார். தினம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று அதில் எழுதுவது, மெஷின் தைக்கும் பெண்களில் ஒருவர். கூலி போனது அவர்களுக்குத்தானே?