இந்தியாவின் மனித நிலவுப் பயணத் திட்டம்

இந்தியாவின் மனித நிலவுப் பயணத் திட்டம் என்பது 2040 ஆம் ஆண்டுக்குள் இந்தியர் ஒருவரை நிலவுக்கு அனுப்பும் நோக்கில் இந்திய விண்வெளி ஆய்வு மையம் (இஸ்ரோ) மேற்கொண்டுள்ள நெடுங்காலத் திட்டமாகும். இவ்விலக்கு அக்டோபர் 17, 2023 அன்று பிரதமர் நரேந்திர மோதி தலைமையில் நடைபெற்ற ககன்யான் ஆய்வுக் கூட்டத்தில் அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவின் அப்பல்லோ பயணங்கள் 1972 டிசம்பரில் அப்பல்லோ 17 உடன் முடிவுற்றன. அப்பயணங்களின் மூலம் நிலவில் நடந்தவர்கள் 12 பேர் ஆவர்.

பின்னணி

சந்திரயான்-1 (2008), சந்திரயான்-2 (2019), சந்திரயான்-3 (2023) ஆகிய மூன்றும் ஆளில்லாப் பயணங்கள். இவற்றின் திட்ட இயக்குநர்களாக முறையே மயில்சாமி அண்ணாதுரை, மு. வனிதா, ப. வீரமுத்துவேல் ஆகியோர் பணியாற்றினர். மூவரும் தமிழகத்தைச் சேர்ந்தவர்கள். வீரமுத்துவேலின் ஊர் விழுப்புரம். புதுச்சேரியிலிருந்து வில்லியனூர் வழியே செல்லும் தொடர்வண்டிப் பாதை சென்று சேரும் ஊர் அதுவே. அவர் பட்டயப் படிப்பில் தொடங்கிப் பின்னர் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

சந்திரயான்-2 இன் விக்ரம் தரையிறங்கி செப்டம்பர் 2019 இல் மோதிச் சிதைந்தது. சந்திரயான்-3 ஆகஸ்ட் 23, 2023 அன்று நிலவின் தென்முனைக்கு அருகில் மெதுவாகத் தரையிறங்கியது.

பாதையும் நிறையும்

சந்திரயான்-3 வெற்றி பெற்றதால் அதே வழியில் மனிதரையும் அனுப்பிவிடலாம் எனப் பலர் கருதுகின்றனர். இது சரியன்று. அக்கலம் நிலவில் இறங்க 40 நாட்கள் எடுத்துக்கொண்டது. 1969 இல் அப்பல்லோ 11 நான்கே நாட்களில் இறங்கியது. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் ஏவூர்தியின் ஆற்றலாகும். எல்விஎம்-3 ஏவூர்தி சுமார் 3,900 கிலோகிராம் நிறையுள்ள சந்திரயான்-3 ஐப் புவியைச் சுற்றும் நீள்வட்டப் பாதையில் மட்டுமே சேர்த்தது. அதன்பின் கலம் புவிக்கு அருகில் வரும்போது அதன் பொறி இயக்கப்பட்டு, சுற்றுப்பாதை படிப்படியாக உயர்த்தப்பட்டது. ஊஞ்சல் கீழே வரும்போதெல்லாம் ஒருமுறை தள்ளி மேலும் உயர எழச் செய்வதை இதற்கு ஒப்பிடலாம்.

எரிபொருளைச் சிக்கனப்படுத்தும் இம்முறை இயந்திரங்களுக்கு ஏற்றது. மனிதருக்கு ஏற்றதன்று. ஒவ்வொரு சுற்றிலும் கலம் வான் ஆலன் கதிர்வீச்சுப் பட்டைகளைக் கடக்க நேரிடும். 40 நாட்களுக்கான உணவு, நீர், உயிர்வளி ஆகியவற்றின் நிறையும் கூடும். எனவே மனிதரை நேரடிப் பாதையில் விரைவாக அனுப்ப வேண்டும். அப்பல்லோ 11 இல் நிலவை நோக்கிச் செலுத்தப்பட்ட கலங்களின் நிறை சுமார் 45 டன் ஆகும்.

திரும்பி வருவதும் மற்றொரு சிக்கல். விக்ரம் திரும்ப வேண்டியதில்லை. செப்டம்பர் 3, 2023 அன்று அது தன் பொறிகளை மீண்டும் இயக்கி, சுமார் 40 சென்டிமீட்டர் எழும்பி மீண்டும் இறங்கியது. அளவில் சிறியதாயினும் நிலவிலிருந்து புறப்படுவதற்கான முதல் ஒத்திகை இதுவே. நிலவின் மண்ணைக் கொண்டுவரும் சந்திரயான்-4 க்கு 2024 செப்டம்பரில் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இதன் பகுதிகள் இரு ஏவூர்திகளில் அனுப்பப்பட்டு விண்வெளியில் இணைக்கப்பட வேண்டும். இதற்குத் தேவையான இணைப்பு நுட்பம் ஜனவரி 16, 2025 அன்று ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள்களில் சோதித்து வெற்றி காணப்பட்டது.

மகேந்திரகிரி

திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ உந்துவிசை வளாகத்தில் ஏவூர்திப் பொறிகள் சோதிக்கப்படுகின்றன. ககன்யானுக்கான சிஇ-20 தாழ்வெப்பநிலைப் பொறி மனிதரைச் சுமக்கத் தகுதியுடையது எனச் சான்று பெற 6,350 நொடிகள் இயங்கிக் காட்ட வேண்டும். நான்கு பொறிகள் 39 சோதனைகளில் மொத்தம் 8,810 நொடிகள் இயக்கப்பட்டு, பிப்ரவரி 2024 இல் இத்தகுதி எட்டப்பட்டது. மண்ணெண்ணெயும் திரவ உயிர்வளியும் பயன்படுத்தும் பகுதித் தாழ்வெப்பநிலைப் பொறியின் முக்கிய உறுப்புகள் மார்ச் 28, 2025 அன்று இங்கு முதன்முறையாக வெற்றிகரமாக எரித்துச் சோதிக்கப்பட்டன. சோதனை நீடித்தது 2.5 நொடிகளே.

2024 இல் ஒப்புதல் பெற்ற அடுத்த தலைமுறை ஏவூர்தி, தாழ் புவிச் சுற்றுப்பாதைக்கு 30 டன் வரை சுமக்கும் வகையில் திட்டமிடப்பட்டுள்ளது. 2025 ஆகஸ்டில் இஸ்ரோ தலைவர் வி. நாராயணன் 75 டன் சுமக்கும் ஏவூர்தி பற்றியும் குறிப்பிட்டார்.

சித்தம்பூண்டி மண்

நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலை பகுதிகளில் அனார்த்தோசைட்டு என்னும் பாறை கிடைக்கிறது. நிலவின் மேட்டுநிலப் பாறைகளோடு ஒத்த இயல்புடையதாதலால், இதைப் பொடித்துச் செயற்கை நிலவு மண் உருவாக்கப்பட்டது. சந்திரயான்-2, சந்திரயான்-3 தரையிறங்கிகளும் ஊர்திகளும் இம்மண்ணில் சோதிக்கப்பட்டன. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறை இப்பணியில் உதவியது.

பயணிகள்

ககன்யானுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட வான்படை விமானிகள் நால்வரின் பெயர்கள் பிப்ரவரி 27, 2024 அன்று வெளியிடப்பட்டன. அவர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். சுபான்சு சுக்லா 2025 சூன் மாதம் ஆக்சியம்-4 பயணத்தில் அனைத்துலக விண்வெளி நிலையத்தை அடைந்தார். நால்வரில் இளையவரான அவருக்கே 2040 அக்டோபரில் 55 வயதாகும். அப்பல்லோ பயணங்களில் நிலவில் நடந்தவர்களுள் மூத்தவரான ஆலன் செப்பர்டின் வயது அப்போது 47. எனவே 2040 இல் செல்லவிருப்பவர் இப்பட்டியலுக்கு வெளியே, இன்னும் பள்ளியிலோ கல்லூரியிலோ படித்துக்கொண்டிருக்கவே வாய்ப்பு அதிகம்.