கருப்பு எல்லாம் அழுக்கு இல்லீங்க

வடசென்னைக்காரனுக்குக் கருப்புன்னாலே கொஞ்சம் கடுப்புதான். ராயபுரத்துல வருஷக்கணக்கா ஜன்னல் கம்பி, கொடியில காயுற துணி எல்லாத்துலயும் துறைமுகத்து நிலக்கரித் தூசி படிஞ்சு கிடந்தது. 2011ல ஐகோர்ட் உத்தரவால அங்க நிலக்கரி இறக்குறது நின்னு, அந்த வேலை எண்ணூருக்குப் போச்சு. (தூசியும் கூடவே வந்துடுச்சுன்னு எண்ணூர்க்காரங்க சொல்வாங்க, அது தனிக்கதை.)

ஆனா இதே ஏரியா லேத் பட்டறைக்குள்ள போய் ஒரு ஸ்டீல் ஸ்கேலையோ வெர்னியரையோ கையில எடுத்துப் பாருங்க. கோடும் எண்ணும் பள்ளமா இருக்கும், பள்ளத்துக்குள்ள கருப்பு. அந்தக் கருப்பு போயிட்டா மினுக்குற இரும்புல ஒரு மில்லிமீட்டரும் கண்ணுக்குத் தெரியாது. உலோகத்துல செதுக்கினது தெரியணும்னா எங்கேயாவது கருப்பு வேணும். இதை ஒரு பெருங்கலையாவே ஆக்கின ஊர் கர்நாடகத்துல இருக்கிற பீதர். அந்தக் கலைக்குப் பேரு பித்ரி.

பாமினி சுல்தான்கள் 15ஆம் நூற்றாண்டுல தலைநகரை குல்பர்காவில் இருந்து பீதருக்கு மாற்றினாங்க. அப்போ ஈரான் பக்கத்துல இருந்து வந்த கைவினைஞர்களோட இந்த வேலையும் வந்ததுன்னு அங்கே வழிவழியா சொல்றாங்க. ஹூக்கா அடிப்பாகம், பன்னீர்ச் செம்பு, வெற்றிலைப் பெட்டின்னு நவாபு வீட்டுச் சாமான்தான் அதிகம்.

செய்முறைதான் சுவாரஸ்யம். முக்கால்வாசிக்கும் மேல துத்தநாகம், கூட கொஞ்சம் செம்பு. இதை உருக்கி மண் அச்சுல வார்த்து, அரத்தால ராவி வழவழன்னு ஆக்குவாங்க. அடுத்து மயில்துத்தக் கரைசலைத் தடவுவாங்க. மேல்பரப்பு கருத்துடும். கூர்முனையால கோலம் மாதிரி கையாலேயே பூவும் கொடியும் வரைவாங்க. கருப்பு மேல கீறின கோடு பளிச்சுன்னு தெரியும். அந்தக் கோட்டுல உளி வச்சு வெட்டி, பள்ளத்துல வெள்ளிக் கம்பியோ தகடோ வச்சுத் தட்டி இறக்கி, மறுபடியும் ராவுவாங்க. முதல்ல வந்த கருப்பு எல்லாம் இதுல போயிடும். இப்போ துத்தநாகமும் வெள்ளியும் ஒரே சாம்பல் நிறம். அத்தனை நாள் செதுக்கினது எங்கேன்னு தேடணும்!

இங்கதான் கடைசி வேலை. பீதர் கோட்டையில வெயிலும் மழையும் படாத இடத்து மண்ணை எடுத்து, நவச்சாரமும் தண்ணியும் கலந்து குழைப்பாங்க. (ஈயம் பூசுறவர் தூவுவாரே, அதே நவச்சாரம்தான்.) சாமானை லேசா சூடு பண்ணி இந்தக் குழம்பைப் பூசித் தேய்ச்சா, துத்தநாகம் மட்டும் கன்னங்கரேல்னு ஆகிடும். வெள்ளிக்கு ஒண்ணும் ஆகாது. மண்ணுல இருக்கிற வெடியுப்புச் சத்துக்கு இதுல பங்கு உண்டு. நல்ல மண்ணான்னு நாக்குல வச்சுப் பார்த்தே சொல்லிடுவாங்களாம். ஆனா மண் மட்டும் போதாது. சுத்தத் துத்தநாகமா இருந்தா இந்தக் கருப்பு ஏறாது, அந்தக் கொஞ்சம் செம்புதான் நிறத்துக்குக் காரணம்.

இதுல நமக்கும் ஒரு தொடர்பு இருக்கு. தரங்கம்பாடிக்கு மிஷனரியா வந்து, அப்புறம் கம்பெனியில மருத்துவராவும் தாவரவியலாளராவும் வேலை பார்த்த பெஞ்சமின் ஹைன், பித்ரி செய்முறையை விவரமா எழுதினார். அது 1817ல அச்சாச்சு. ரெண்டே வருஷத்துல, 1819ல, சென்னையிலேயே இறந்துபோனார். செம்பு, காரீயம், வெள்ளீயம் சேர்ந்த கலவையில 3 அவுன்ஸுக்கு 16 அவுன்ஸ் துத்தநாகம்னு அளவே கொடுத்திருக்கார்.

இன்னொண்ணு, 'துத்தநாகம்'ங்கிற சொல். சீனாவுல இருந்து கப்பல்ல வந்த துத்தநாகக் கட்டிகளை ஐரோப்பிய வியாபாரிகள் 'டூட்டனேக்'னு எழுதினாங்க. போர்ச்சுக்கீசியர் வாய்வழியா போன நம்மூர்ச் சொல்தான் அது. தமிழா மராட்டியா மூலம்னு மட்டும்தான் வாக்குவாதம். 1745ல ஸ்வீடன் கரையோரம் முழுகின கோதெபோர்க் கப்பல்லகூட இந்தச் சரக்கு இருந்தது.

பித்ரிக்கு 2006ல புவிசார் குறியீடு கிடைச்சது. 2023ல பீதர் கலைஞர் ஷா ரஷீத் அகமது காதிரிக்குப் பத்மஸ்ரீ. சந்தோஷம்தான். என் பயம் வேற, நம்ம வீட்டுப் புளியும் பாலிஷ் பவுடரும்தான்! நாளாக நாளாக காத்துல இருக்கிற கந்தகம் பட்டு பித்ரியில இருக்கிற வெள்ளியும் மங்கும். உடனே நம்ம ஆளுங்க மொத்தச் சாமானையும் போட்டுத் தேய்ப்பாங்க. வெள்ளி பளிச்சுன்னு ஆகும், கூடவே கோட்டை மண்ணு கொடுத்த கருப்பும் போயிடும். வெள்ளி இருக்கிற இடத்தை மட்டும் பஞ்சால மெதுவா துடைச்சு, கருப்புக்குத் துளி தேங்காய் எண்ணெய் தடவினா போதும்.

பித்ரி எல்லார் வீட்லயும் இருக்காது. ஆனா பாட்டி காலத்துப் பித்தளைக் குடமோ தூக்கோ இருக்கும், விளிம்புல பேரு வெட்டியிருக்கும். எழுத்துப் பள்ளத்துல தங்கின கருப்பாலதான் அந்தப் பேரை இன்னைக்கும் படிக்க முடியுது. கடையில மெஷின் பாலிஷுக்குக் கொடுத்தா பள்ளமே மழுங்கிப் போகும். கொடுக்கிறதுக்கு முன்னாடி, வெட்டியிருக்கிற பேரை ஒரு தடவை படிச்சுட்டு முடிவு பண்ணுங்க.