பின்வரிசைக் கலைஞரின் ஊதியம்



கலைஞன் ஒருவன் தன் கலைக்கு இவ்வளவு ஊதியம் வேண்டுமென்று வாய்திறந்து கேட்கலாமா? கேட்டால் அது கலைக்கு இழுக்காகுமா? இவ்வினாவுக்கு விடைகாண, ஐரோப்பிய இசைவாணர் ஒருவரின் வாழ்க்கையை இன்று நோக்குவோம். அவர் பெயர் டொமெனிகோ டிராகொனெட்டி. அவர் வாசித்த கருவி டபுள் பேஸ்.

வயலின் நாம் நன்கறிந்த கருவி. அதனோடு சேர்ந்து ஒலிக்கும் வில்லிசைக் கருவிகளுள் அளவிற் பெரியதும், ஒலியிற் தாழ்ந்ததும் டபுள் பேஸ் ஆகும். ஆளுயரத்துக்கு நிற்கும் அக்கருவியை வாசிப்போர் நின்றுகொண்டோ, உயர்ந்த முக்காலியில் அமர்ந்தோ வாசிப்பர். இசைக்குழுவில் அதற்குரிய இடம் பெரும்பாலும் பின்வரிசையே. மாளிகையைக் கண்டு வியப்போர் அதன் அடித்தளத்தைக் காண்பதில்லை. அடித்தளம் தளர்ந்தாலோ மாளிகை நில்லாது. அத்தகைய கருவி இது.

டிராகொனெட்டி 1763ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் பிறந்தார். தந்தை நாவிதர், இசையும் அறிந்தவர். மகன் தம் 24ஆம் வயதில், 1787இல், புகழ்பெற்ற செயின்ட் மார்க் பேராலயத்தின் இசைக்குழுவில் இடம்பெற்றார். அக்காலத்தில் இசைவாணர்களுக்குப் பேராலயமும் பிரபுக்களின் மாளிகையுமே புகலிடங்கள். பேரிசையாளர் ஹைடன் எஸ்டர்ஹாசி என்னும் பிரபுக் குடும்பத்தில் ஏறக்குறைய 30 ஆண்டுகள் பணியாளர் சீருடை அணிந்து ஊழியம் செய்தார் என்பதை எண்ணிப் பாருங்கள். அவ்வாழ்வில் சோற்றுக்குக் கவலையில்லை. தன் விருப்பப்படி வெளியூர் செல்லும் உரிமையும் இல்லை.

ஆனால் இலண்டன் மாநகரில் வேறொரு வாழ்க்கை உருவாகிக்கொண்டிருந்தது. வாணிகத்தால் செழித்த நடுத்தர மக்கள் அங்கே பணம் கொடுத்து நுழைவுச் சீட்டு வாங்கி இசை கேட்டனர். ஹைடனும் 1791இல் அங்குச் சென்று பொருளும் புகழும் ஈட்டினார். 1794ஆம் ஆண்டின் இறுதியில் டிராகொனெட்டியும், பேராலயத்தாரிடம் விடுப்புப் பெற்று, இலண்டன் அரசர் நாடக அரங்கின் இசைக்குழுவிற் சேர்ந்தார். மூன்றாண்டுகள் செல்வதற்குள், 1797இல், நெப்போலியனின் படையெடுப்பால் வெனிஸ் குடியரசே மறைந்தது. விடுப்புக் கொடுத்த அரசு இப்போது இல்லை! இடையில் சில ஆண்டுகள் வியன்னாவில் வாழ்ந்ததைத் தவிர, எஞ்சிய வாழ்நாளை அவர் இலண்டனிலேயே கழித்தார்.

அங்கே அவர் எவ்வாறு பிழைத்தார்? எந்த ஒரு தலைவனுக்கும் நிரந்தர ஊழியராக அல்லர். பருவந்தோறும் ஒப்பந்தம் பேசி வாசித்தவராவார். குளிர்காலம் முதல் கோடை வரை இலண்டனின் இசைப் பருவம். வாரத்தில் சில இரவுகள் இசை நாடகம். மற்ற இரவுகளில் சங்கங்களின் கச்சேரிகள். பிரபுக்களின் இல்லங்களில் தனி நிகழ்ச்சிகள். பருவம் முடிந்ததும் வெளியூர் விழாக்கள் தொடங்கும். குளோஸ்டர், வூஸ்டர், ஹெரிபோர்டு ஆகிய மூன்று பேராலய நகரங்களில் முறைவைத்து நடைபெறும் விழா அவற்றுள் தலையாயது. இருப்புப் பாதைகள் பரவுவதற்கு முன், அவ்வளவு பெரிய கருவியை ஊரூராகக் குதிரை வண்டியில் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது.

இவ்வாழ்வில் உரிமை உண்டு, உறுதி இல்லை. வாசித்தால் ஊதியம்; நோயுற்றால் ஒன்றுமில்லை. அரங்கை நடத்துவோரின் நிலையோ அதனினும் மோசம். அரசர் நாடக அரங்கை 1821 முதல் நடத்திய ஜான் ஈபர்ஸ் என்பவர் 1827இல் நொடித்துப் போனார். முதலாளி நொடித்தால் கலைஞர்களின் கதி என்ன? வறுமையுற்ற இசைவாணர்க்கும் அவர்தம் குடும்பங்களுக்கும் உதவுவதற்கென்றே 1738இல் இலண்டனில் ஒரு நிதி தோன்றியிருந்தது என்பதிலிருந்தே அத்தொழிலின் நிலையை உணரலாம்.

ஆகவே டிராகொனெட்டி கணக்கில் கண்டிப்பாயிருந்தார். ஒத்திகைக்கு எவ்வளவு, தனியிசைக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே பேசி முடிப்பார். செல்லோ என்னும் கருவியில் வல்லவரான ராபர்ட் லிண்ட்லி, ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் அவரோடு அருகருகே அமர்ந்து வாசித்தார். இவ்விருவரும் இல்லாத இசைக்குழு குறையுடையதென்றே இலண்டன் மக்கள் கருதினர். பின்வரிசைக் கருவியாளராகிய டிராகொனெட்டி, அந்நகரில் மிகுந்த ஊதியம் பெற்ற கருவியிசையாளர்களுள் ஒருவரானார்.

இஃது வெறும் பேராசையன்று. அவர்தம் திறமை அத்தகையது. 1799இல் வியன்னாவில் பீத்தோவனைச் சந்தித்த டிராகொனெட்டி, செல்லோவுக்கென அவர் இயற்றிய இசையைத் தம் பெருங்கருவியில் வாசித்துக் காட்டினார். முடிந்ததும் பீத்தோவன் எழுந்து, கலைஞரையும் கருவியையும் சேர்த்தே தழுவிக்கொண்டார் என்பர். பிற்காலத்தில் பீத்தோவன் தம் ஒன்பதாம் சிம்பனியின் இறுதிப் பகுதியில், மனிதர் பேசுவது போன்ற நீண்ட இசைமொழியைச் செல்லோக்களுக்கும் டபுள் பேஸ்களுக்குமே அளித்தார். 1825இல் இலண்டன் பில்ஹார்மோனிக் சங்கம் அதனை அரங்கேற்றியபோது, அவ்விசைக்குறிப்பை முன்னரே கண்டிருந்தால் இருமடங்கு கேட்டிருப்பேன் என்று டிராகொனெட்டி தெரிவித்தாராம். அதனை நகைச்சுவையாக எண்ணி ஒதுக்காதீர்கள். வேலையின் அருமையை அறிந்த தொழிலாளியின் சொல் அது.

ஊதியத்தில் கண்டிப்பான அவர் கலையில் கஞ்சத்தனம் காட்டியவரல்லர். 1845இல் பான் நகரில் பீத்தோவனின் சிலை திறக்கப்பட்டபோது, 82 வயது முதியவராகிய அவர் அங்குச் சென்று, 13 டபுள் பேஸ்களுக்குத் தலைமை தாங்கி வாசித்தார். மறு ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இலண்டனில் காலமானார். காஸ்பாரோ ட சாலோ என்னும் பழம்பெரும் கைவினைஞர் செய்த தம் அரிய கருவியை, யாருக்கும் விற்றுவிடாமல், இளமையில் தமக்கு விடுப்பளித்த செயின்ட் மார்க் பேராலயத்துக்கே விட்டுச் சென்றார்.

மாணவர்களே, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இங்கே விடை இருக்கிறது. தன் உழைப்பின் மதிப்பை அறிந்து கேட்பது கலைக்கு இழுக்கன்று. கேட்ட ஊதியத்துக்குக் குறைவாக உழைப்பதே இழுக்கு. நாளை நீங்கள் எத்தொழிலை மேற்கொண்டாலும், உங்கள் இடம் முன்வரிசையாயினும் பின்வரிசையாயினும், இவ்விரண்டு பாதியையும் சேர்த்தே நினைவிற் கொள்ளுங்கள்.